வீட்டிலும் கட்டிய கடிகாரம்

மார்கழி பிறந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பகுதி டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமென்ட்டின் செயலாளர் அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஓர் அணியின் விக்கெட் கீப்பரும்கூட. நான் நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். அவர் உட்காரவில்லை என்றால் விஷயம் சங்கடமானது.

“இன்னா நைனா, எப்படிக் கீற?”

“நல்லா இருக்கேன்பா. ஃபைனல் என்னைக்கு?”

“அத்தச் சொல்லத்தான் வந்தேன். காணும் பொங்கல் அன்னிக்குக் காலீல ஏழு மணிக்கு வெச்சிக்கீறோம். வெய்யில் ஏறிச்சின்னா பசங்க பீச்சாண்ட கெளம்பிடுவானுங்க. அதான் நைனா, இந்த வாட்டி நீ ஸ்கோர் டேபிளாண்ட குந்திக்க. சேர் போட்டு, கொடை வெச்சிக் குடுக்கறேன். கெத்தா பார்த்துகினு இரு.”

“அம்பயர்?”

“பட்டாபிராம்லேர்ந்து ஒருத்தர இட்டாரலாம்னு…”

“பார்க்கலாம்பா,” என்றார் அப்பா.

அவர் போனபிறகும் அப்பா வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தார். வலது கை மட்டும் தொடைமேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “நான் உக்கார மாட்டேன்த்தா. நிக்கணும்.”

அப்பா ஆவடி தொழிற்சாலையில் கனரக வண்டிகளைச் சோதனைப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் வேலையில் இருந்தவர். விருதுநகர்ப் பக்கமிருந்து வேலைக்காக வந்து, தொழிற்சாலைக் குடியிருப்பிலேயே குடும்பம் நடத்தி, ஓய்வுபெற்றபின் பருத்திப்பட்டில் வீடு கட்டிக்கொண்டார். முழங்கால் வலித்துப் பந்து வீசுவதை நிறுத்திய நாள் முதல் அந்த மைதானத்தில் அவர்தான் அம்பயர். பொங்கல் டோர்னமென்ட்டின் இறுதி ஆட்டத்தில் வேறு யாரும் நின்று நான் பார்த்ததில்லை.

ஆனால் செயலாளர் பயந்ததற்கும் காரணம் இருந்தது. இரண்டு வருடங்களாக அப்பாவுக்கு நடுக்குவாதம். பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னதை அம்மா முதலில் ஏதோ வெளிநாட்டுக் காய்ச்சல் என்று நினைத்தாள். கார்த்திகையில் ஒரு லீக் ஆட்டத்தின்போது, சும்மா தொங்கிக்கொண்டிருந்த அப்பாவின் கை ஆடுவதைப் பார்த்து, வைடு காட்டுகிறார் என்று எண்ணி ஸ்கோரர் ஒரு ரன் சேர்த்துவிட்டான். “நைனா சிக்னல் குடுக்குதா, டாட்டா காட்டுதா?” என்று யாரோ கத்த, மைதானமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் மென்பொருள் சோதிக்கிற வேலை பார்க்கிறேன். எந்தப் பிரச்சினையையும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு யோசனை ஓடும். அன்று நான் மனதுக்குள் எழுதிய வரிசை இது. ஒன்று, ஆட்டம் ஏழு மணிக்கு. இரண்டு, அப்பாவின் நாளில் மிக மோசமான நேரம் அதுதான். காலையில் உடம்பு பலகை மாதிரி இறுகிக் கிடக்கும். கழிவறை நிலைப்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். “எறும்ப மிதிக்கிற மாதிரி காலைத் தூக்குங்க” என்று அம்மா சொல்லச் சொல்லத்தான் நகரும். பத்து மணிக்குமேல் கொஞ்சம் இளகும். மாலையில் பார்ப்பவர்கள் நோய் இருப்பதையே நம்ப மாட்டார்கள். மூன்று, டாக்டருக்கு இந்தக் காலைகளைப் பற்றி எதுவும் தெரியவில்லை.

மூன்றாவதுதான் எனக்குப் புரியவில்லை. ஏனென்றால் தீபாவளிக்குப் பிறகு டாக்டரே அப்பாவின் கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டிருந்தார்.

அது பார்க்கச் சாதாரணக் கைக்கடிகாரம்தான். உள்ளே இருக்கும் உணர்விகள் நடுக்கத்தையும், கை அசைவின் வேகத்தையும், நடையையும் பதிவுசெய்யும். பதிவுகள் ஒரு செயலி வழியாக மருத்துவமனைக்குப் போகும். அங்கே ஒரு ஏஐ நிரல் அவற்றைப் படித்து டாக்டருக்குச் சுருக்கம் எழுதும். எனக்கும் அனுமதி கொடுத்திருந்தார்கள். என் கைபேசியில் வரைபடங்கள் வரும்.

அதைக் கட்டும்போதே அப்பா கேட்டார்: “டாக்டரம்மா, நான் வண்டிய ஓட்டுற ஒவ்வொரு ரவுண்டையும் ஒருத்தன் மீட்டர் பார்த்து எழுதுவான். ரிட்டயர் ஆனாத்தான் அது ஓயும்னு இருந்தேன். இப்ப நீங்க என் கையிலயே மீட்டர் மாட்டுறீங்களே?”

டாக்டர் நாற்பதை ஒட்டிய பெண்மணி. சிரிக்காமலே வேடிக்கையாகப் பேசுவார். “மீட்டர் பார்த்தவர் உங்க மேல கம்ப்ளெயின்ட் எழுதினார் சார். நான் மருந்து எழுதுவேன். அவ்வளவுதான் வித்தியாசம்.”

செயலாளர் வந்துபோன சில நாள்களில் டாக்டருடன் வீடியோ சந்திப்பு இருந்தது. மாலை நான்கு மணிக்கு. அப்பா மதியமே முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, மாத்திரை நன்றாகப் பிடித்திருக்கும் நேரம் பார்த்து, கையில் கடிகாரத்துடன் கைபேசி முன் உட்கார்ந்தார்.

“பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு நெனப்பு,” என்றாள் அம்மா, கேமராவில் விழாத தூரத்திலிருந்து.

டாக்டர் விரல்களைத் திறந்து மூடச் சொன்னார். எழுந்து நடக்கச் சொன்னார். அப்பா அணிவகுப்புப் போல நடந்து காட்டினார்.

“காலையில எப்படி இருக்கு சார்?”

“பரவாயில்ல டாக்டர்.”

“பரவாயில்லையா?” என்று அம்மாவின் குரல் உயர்ந்தது. அப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். குரல் அடங்கியது.

டாக்டர் சுருக்கத்தை வாசித்துச் சொன்னார்: அறிகுறிகள் நன்கு கட்டுப்பாட்டில் உள்ளன, மருந்தில் மாற்றம் தேவைப்படவில்லை. “மெஷினும் அதையேதான் சொல்லுது. அப்படியே தொடருங்க.”

சந்திப்பு முடிந்து, இறுதி ஆட்டத்துக்கு மூன்று வாரமும் சொச்சமும் மிச்சமிருந்தன. மருந்து மாறவில்லை என்றால் காலைகளும் மாறப்போவதில்லை.

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோது செயலியைத் திறந்தேன். அதுவரை ஒவ்வொரு நாளும் வரும் பச்சைப் பட்டையை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டிருந்தேன். இப்போது மாதம் முழுவதையும் ஒரே பக்கத்தில் விரித்தேன். மாலை நேரங்களில் பச்சைப் பட்டைகள். மற்ற நேரமெல்லாம் வெளிறிய சாம்பல் நிறம். கண்ணுக்கு உறுத்தாத நிறம் என்பதால் பின்னணி என்றே எண்ணியிருந்தேன். விரலால் தொட்டதும் சிறு எழுத்தில் வந்தது: அணியப்படவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். கடிகாரம் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது.

“அப்பா, வாட்ச் ஏன் அங்க இருக்கு?”

“வேற எங்க இருக்கணும்?”

“கையில.”

“வீட்ல எதுக்குத்தா வாட்ச்?”

அவர் கேலி செய்யவில்லை. எனக்கும் உடனே விளங்கிவிட்டது. நான் குடியிருப்பில் வளர்ந்தவள்தானே. அங்கே நேரத்தைத் தொழிற்சாலைச் சங்கு சொல்லும். எழுவதற்கு ஒரு சங்கு, கிளம்ப ஒரு சங்கு, சாப்பாட்டுக்கு ஒன்று. அம்மாக்கள் உலை வைப்பதும் நாங்கள் பள்ளிக்கு ஓடுவதும் அதை வைத்துத்தான். கைக்கடிகாரம் வெளியே போகிறவர்களுக்கு உரியது. எல்லா வீட்டிலும் அப்பாக்கள் சட்டை போட்ட பிறகு கடிகாரம் கட்டுவார்கள். திரும்பி வந்ததும் முதலில் அதைக் கழற்றி டிவிமேலோ ஃபிரிட்ஜ்மேலோ வைப்பார்கள். வீட்டுக்குள் ஒருவர் கடிகாரத்தோடு இருந்தால் “எங்க கிளம்பிட்டீங்க?” என்று கேட்போம். அப்பா இந்தக் கடிகாரத்துக்கும் அதே மரியாதையைத்தான் செய்திருந்தார். மைதானத்துக்குப் போகும்போது கட்டினார். வந்ததும் கழற்றினார். உடம்பு இளகிய நேரத்தில்தான் வெளியே போவார் என்பதால், அந்த இயந்திரம் ஒரு நல்ல மனிதரை மட்டும் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

“அவருக்குத் தெரியும்டி,” என்றாள். “டாக்டரம்மா ராத்திரியும் கட்டணும்னு சொன்னாங்கல்ல? காதுல விழாத மாதிரி இருந்துட்டாரு.”

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நல்லா இருக்கறப்ப என்னைப் பார்க்கட்டும். காலையில நான் கிடக்கற கிடைய உங்கம்மா பார்க்கறா. அது போதும். இன்னொருத்தர் எதுக்கு?”

நான் சாப்பாட்டை முடித்தேன், கை கழுவினேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

“அப்பா, சோதனைப் பாதையில வண்டிய மேட்டுல ஏத்தாம, பள்ளத்துல எறக்காம, சமதளத்துல மட்டும் ஓட்டிட்டு ‘நல்லா இருக்கு’ன்னு கையெழுத்துப் போடுவீங்களா?”

“அது எப்படி? மேட்டுல ஏறும்போதுதான் கோளாறே தெரியும்.”

சொல்லிவிட்டு என்னை முறைத்தார். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, “அவ்வளவுதான், கையெழுத்தாயிடுச்சு,” என்றாள்.

ஆனால் அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். காலையிலும் இரவிலும் கட்டுகிறேன், அந்தப் பதிவுகள் டாக்டருக்கு மட்டும் போகட்டும், உன் கைபேசிக்கு வரக்கூடாது என்றார்.

“ஏன்ப்பா? நான் பார்த்தா என்ன?”

“நீ அம்பத்தூர்ல மீட்டிங்ல உக்காந்துட்டு, நான் பாத்ரூம்ல நிக்கிறத பார்த்துட்டு இருப்ப. எனக்கு ஒரு சூப்பர்வைசர் போதும்த்தா. நீ மகளா இரு.”

வரைபடம் இல்லாமல் இருப்பது எனக்குச் சுலபமில்லை. இருந்தாலும் அவர் கண்முன்னே என் அனுமதியை நீக்கினேன். ‘உறுதியாகவா?’ என்று செயலி கேட்டது. அப்பா எட்டிப் பார்த்து, தன் விரலாலேயே ‘ஆம்’ அழுத்தினார். அந்த விரல் நடுங்கவில்லை என்பதை அப்போது கவனித்தேன்.

அடுத்த ஞாயிறு ஆட்டம் இல்லாததால் அப்பா நாள் முழுக்கக் கடிகாரத்தோடு வீட்டிலேயே இருந்தார். அதற்கடுத்த நாளே மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது: நேரில் வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர், கொஞ்சம் அவசரம். மெட்ரோ தூண்களுக்கு இடையே வண்டிகள் நெளிந்துகொண்டிருந்த பூந்தமல்லிச் சாலையில் ஆட்டோ ஊர்ந்தது. அம்மா வழியெல்லாம் முருகனை வேண்டிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் அப்பாவை உட்காரவைத்து, முகத்தை உற்றுப் பார்த்தார். “சார், போன வாரம் என்ன ஆச்சு? விழுந்தீங்களா? காய்ச்சலா? மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சா?”

“ஒண்ணும் ஆகலையே.”

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஏஐ எழுதிய சுருக்கம் சிவப்பில் இருந்தது: அறிகுறிகள் மிக வேகமாக மோசமடைந்துள்ளன, உடனடிக் கவனம் தேவை.

அப்பா அதை நிதானமாக வாசித்தார். “மோசமாகல டாக்டரம்மா. வாட்ச்ச வீட்லயும் கட்டினேன்.”

ஒரு கணம் டாக்டருக்குப் புரியவில்லை. நான் ஃபிரிட்ஜ் கதையைச் சொன்னேன். சங்கைப் பற்றியும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, அதுவரை நான் பார்த்திராத மாதிரி வாய்விட்டுச் சிரித்தார்.

“ஒரு மாசமா உங்க அவுட்டிங்கத்தான் படிச்சிட்டு இருந்தேனா?”

“ஆமாங்க. ஊர் சுத்துற மனுஷனப் பார்த்தே மருந்து எழுதினீங்க,” என்றாள் அம்மா.

சிரிப்பு அடங்கியதும் டாக்டர் திரையைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “சாம்பல் கலரை நானும் கவனிக்கல. அது என் தப்பு. சார், எனக்கு இந்த மெஷின் வேணும். ஏன்னா நான் உங்களை மூணு மாசத்துக்கு ஒருக்கா கொஞ்ச நேரம் பார்க்கிறேன். அன்னைக்குன்னு நீங்க சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுட்டு வர்றீங்க. மத்த நாளெல்லாம் என்ன நடக்குதுன்னு இது சொல்லும். ஆனா ஏன் நடக்குதுன்னு இதுக்குத் தெரியாது. நீங்க வாட்ச் கட்டினதக்கூட நோய் முத்திடுச்சுன்னு எழுதுது பாருங்க. அந்த ‘ஏன்’ உங்க வாயிலேர்ந்து வரணும். ‘பரவாயில்ல’ன்னு சொன்னா எனக்கு ரெண்டு கண்ணும் போச்சு.”

அப்பா வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். “காலையில முடியலம்மா,” என்றார். இரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து அது வந்ததை நான் முதன்முதலாகக் கேட்டேன்.

“சரி. காலையில உங்களுக்கு என்ன செய்யணும்? என்ன முடிஞ்சா நல்லா இருக்கும்?”

அப்பா தயங்கினார். அம்மாதான் போட்டு உடைத்தாள்: “காணும் பொங்கலுக்கு மேட்ச்சு. ஏழு மணிக்கு அம்பயரா நிக்கணுமாம்.”

“இத ஏன் சார் முதல்லயே சொல்லல?”

“மேட்ச்சுக்கெல்லாமா மருந்து கேக்கறது?”

“பின்ன எதுக்குக் கேப்பீங்க? அதுக்குத்தானே மருந்தே.”

அன்று அவர் மாத்திரை நேரங்களை மாற்றி எழுதினார். பகல் வேளைகளின் இடைவெளியைக் குறைத்தார். முதல் மாத்திரையைக் கண் விழித்ததும், படுக்கையிலேயே, வெறும் தண்ணீரில் போட வேண்டும். காபியும் சாப்பாடும் கொஞ்ச நேரம் கழித்துத்தான்; பாலோடு சேர்ந்தால் மருந்து சரியாகப் பிடிக்காது என்றார்.

“காபிக்கு முன்னாடியா?” அப்பா அதிர்ந்துபோனார். “டாக்டரம்மா, இதுவரைக்கும் சொன்னதெல்லாம் கேட்டேன்…”

“அம்பயரா, காபியா சார்?”

அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், உதவி கிடைக்கவில்லை. “அம்பயர்,” என்றார்.

எழுந்திருக்கும்போது நான் டாக்டரிடம் ஒன்று கேட்டேன். சும்மா இருக்கும் கை நடுங்குகிறது, எதையாவது அழுத்தும்போது நடுங்கவில்லையே, ஏன்? “அவருக்கு இருக்கறது அந்த வகை,” என்றார். “கை ஓய்வா இருக்கும்போதுதான் ஆடும். வேலை குடுத்தா அடங்கிடும்.” அப்பா அதைப் பட்டம் வாங்கியவர் போலக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த நாள்கள் நேர்க்கோட்டில் போகவில்லை. முதலில் காலை இளகியது. ஆனால் முற்பகலில் தோளும் தலையும் தாமாக அசைய ஆரம்பித்தன. “உங்கப்பா டான்ஸ் ஆடறாரு,” என்று அம்மா பயந்தாள். நாங்கள் தொலைபேசியை எடுப்பதற்குள் டாக்டரே அழைத்தார், கடிகாரம் சொல்லியிருந்தது. ஆனால் அவர் முதலில் கேட்டது அப்பாவைத்தான். அப்பாவும் மறைக்காமல், எப்போது தொடங்குகிறது, எப்போது அடங்குகிறது என்று வண்டிக் கோளாறைச் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். ஒரு வேளையில் அளவு கொஞ்சம் குறைந்தது. பொங்கல் நெருங்கும்போது, கழிவறை நிலைப்படியில் அம்மா எறும்பைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

போகிக்கு மறுநாள், பொங்கல் அன்று மாலை, அப்பா செயலாளரைக் கைபேசியில் அழைத்தார். “பட்டாபிராம்காரர வரச் சொல்லு. ஸ்கொயர் லெக்ல நிக்கட்டும். பௌலர் பக்கம் நான்.”

“நைனா, காலீல ஏழு மணி நைனா. பனி கொட்டும்.”

“கொட்டட்டும். தொப்பி இருக்கு.”

காணும் பொங்கல் காலையில் நிஜமாகவே பனி கொட்டியது. நானும் அம்மாவும் நின்ற ஓரத்தில் மைதானத்து வேலிக்கம்பிகள் நனைந்திருந்தன. அப்பா வெள்ளைத் தொப்பியோடு, முழுக்கைச் சட்டைக்கு வெளியே கடிகாரம் தெரிய, ஆட்டோவிலிருந்து இறங்கித் தானாக நடந்தார். கொஞ்சம் குனிந்த நடை. இடது கை வீசியது, வலது கை வீசவில்லை. ஆனால் எங்கும் நிற்கவில்லை. ஸ்டம்பின் பின்னால் போய் நின்று, “ப்ளே” என்றார். குரல்தான் முன்போல இல்லை. இரண்டாம் முறை சொன்னபோது எல்லோருக்கும் கேட்டது.

பையன்கள் சும்மா இருப்பார்களா? முதல் வைடுக்கு அப்பா கைகளை விரிக்கக் கொஞ்சம் நேரமானது.

“நைனா லோடிங்…” என்றது எல்லைக்கோட்டிலிருந்து ஒரு குரல்.

“சிக்னல் வீக்கா கீதுடா, இரு!”

அப்பா விரித்த கைகளை இறக்காமல் அவன் பக்கமே திரும்பிக் காட்டினார். “வந்துடுச்சா?” மைதானம் சிரித்தது. இந்தமுறை சிரிக்கவைத்தவர் அவர். ஸ்கோரர் ஒவ்வொரு சைகைக்கும் எழுந்து நின்று கை உயர்த்திப் பதில் சொன்னான். எந்த ரன்னும் தவறாகச் சேரவில்லை.

ஆட்டம் கடைசி ஓவருக்கு வந்தது. செயலாளரின் அணிக்கு மூன்று பந்தில் நான்கு ரன் வேண்டும். மிச்சமிருந்தது கடைசி விக்கெட்; மட்டையைப் பிடித்திருந்தவரும் செயலாளரே. பந்தைத் தட்டிவிட்டு இரண்டு ரன் ஓடினார், மூன்றாவதுக்கும் திரும்பினார். மிட்விக்கெட்டிலிருந்து வந்த பந்து நேராக அப்பா நின்ற பக்கத்து ஸ்டம்பைச் சாய்த்தது. செயலாளர் மட்டையை நீட்டி விழுந்து, புழுதி எழும்ப, கோட்டைத் தாண்டிச் சறுக்கினார்.

பதினொரு பேரும் கத்தினார்கள். பிறகு எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா ஓடி நகர்ந்து கோட்டுக்கு நேராக நின்றிருந்தார். எப்போது நகர்ந்தார் என்றுகூட நான் பார்க்கவில்லை. அவருடைய வலது கை பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது, ஆடிக்கொண்டிருந்தது. அம்மா என் மணிக்கட்டை இறுக்கினாள். யாரும் ‘லோடிங்’ என்று சொல்லவில்லை.

கை மேலே எழுந்தது. தோள் உயரத்துக்கு வரும்போதே நடுக்கம் அடங்கிவிட்டது. ஆள்காட்டி விரல் நேராக நின்றது. அப்பா அதை உடனே இறக்கவில்லை. எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை வைத்திருந்தார்.

செயலாளர் புழுதியோடு எழுந்தார். “இன்னா நைனா, உள்ள வந்துட்டேனே!”

“மட்டை அந்தரத்துல இருந்துச்சுப்பா. தரையில வைக்கல.”

செயலாளர் குனிந்து புழுதியில் தன் மட்டை இழுத்த தடத்தைப் பார்த்தார். தடம் கோட்டுக்கு உள்ளே தொடங்கியிருந்தது. வெளியே எதுவும் இல்லை. இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார். “ஏழு மணிக்கு ஒனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சேன் பாரு, என்னியச் சொல்லணும்,” என்று தலையில் அடித்துக்கொண்டு வெளியே நடந்தார். அவர் அணி தோற்றது.

பரிசளிப்பில் அம்பயருக்கு ஒரு துண்டும் ஒரு கரும்பும் கொடுத்தார்கள். துண்டைப் போர்த்தியவர் செயலாளர்தான். ஒலிபெருக்கியை வாயோடு ஒட்டிப் பிடித்து, “அடுத்த வருசமும் ஃபைனல் காலீல ஏழு மணிக்குத்தான். அம்பயர் நம்ம நைனா. பட்டாபிராம்காரர் கோச்சிக்கக் கூடாது!” என்று அறிவித்தார். பட்டாபிராம்காரர் கைதட்டினார்.

மதியம், உறவினர் வீடுகளுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவரும் அப்பாவுடன் தொழிற்சாலையில் இருந்தவர். அப்பா பனியனோடு கட்டிலில் சாய்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தார். கையில் கடிகாரம் இருந்தது.

“என்ன சார், எங்க கிளம்பிட்டீங்க?”

“எங்கயும் இல்ல,” என்றார் அப்பா. “போயிட்டு வந்துட்டேன்.”